நனையாப் பாதக் கோட்பாடு

கோர்ட்டில் எல்லாரும் என்னைப் பூசாரி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் உடுக்கை அடித்ததில்லை, யாருக்கும் திருநீறு பூசிவிட்டதுமில்லை. என் பெயர் சொர்ணவேல். அலைவாய்ப்பட்டினத்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். வக்கீல்கள் ஒரே வாரத்தில் அதை 'மூலவர்' ஆக்கிவிட்டார்கள். மூலவர் என்று வந்துவிட்டால் பூசாரி ஒருத்தன் வேண்டுமே, அதற்கு நான் வாய்த்தேன்.

அலைவாய்ப்பட்டினம் தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்குள் தூண் நட்டு, அந்தத் தூண்களின் மேல் கட்டிய ஊர். கரையோரத்து ஊர்களைக் கடல் ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கிய காலத்தில் முப்பத்தேழு பேர் கூடினார்கள். நமக்கென்று ஒரு ஊர், நமக்கென்று ஒரு சட்டம் என்று உட்கார்ந்து எழுதினார்கள். எழுபது வருஷமாகிறது. முப்பத்தேழு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய அரசமைப்பு இருக்கிறது, அதைப் பற்றிய சண்டையும் இருக்கிறது. எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ அதுதான் பொருள் என்று ஒரு கட்சி. அவர்கள் நினைத்தது அவர்களோடு போயிற்று, இன்றைக்கு வாழ்கிறவன் படித்தால் என்ன தோன்றுகிறதோ அதுதான் பொருள் என்று இன்னொரு கட்சி. ஒரே மூதாதை பேசிய ஒரே பேச்சை இரண்டு தரப்பு வக்கீலும் எடுத்துக்காட்டி, இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போன வழக்குகள் உண்டு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதற்கு ஒரு வழி பிறந்தது. அந்த முப்பத்தேழு பேர் அவையில் பேசியது, வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுத்தார்கள். கேள்வி கேட்டால் அது அவர்கள் குரலில், அவர்கள் நினைப்பின்படி பதில் சொல்லும். இனி ஊகம் எதற்கு, ஆளையே கேட்டுவிடலாமே என்று நீதிபதிகளுக்கு ஏக குஷி. மூலவர் வாயைத் திறந்தால் கோர்ட்டே எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகளில் பாதி மூலவர் சொன்னது, மீதி 'ஆகவே'.

மூலவரின் வாக்குகளில் பெயர்பெற்றது ஒன்று. அரசமைப்பின் ஆறாவது பிரிவு, 'அலைவாயில் வாழ்வோர் அனைவரும் அதன் குடிகள்' என்கிறது. வாழ்வோர் என்றால் யார்? பட்டினத்துத் தூண்களில் கயிறு கட்டி மிதவைகளில் குடும்பம் நடத்தும் ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்கள் வாழ்வோரா? இருபது வருஷத்துக்கு முன் ஒரு வழக்கில் இப்படிக் கேட்டபோது, அந்த முப்பத்தேழு பேரில் ஒருவரான உறுப்பினர் கஸ்பாரின் குரலில் கணீரென்று பதில் வந்தது: "பாதம் நனையாமல் வீடு திரும்புகிறவரே இந்நகரின் குடி."

மிதவைக்குப் போக வேண்டுமென்றால் தூணில் மாட்டிய ஏணி வழியாக இறங்கி, அலை அடிக்கும் கடைசிப் படியில் நின்று தாண்ட வேண்டும். கால் நனையும். ஆகவே மிதவைக்காரர் குடியல்லர். இதற்கு 'நனையாப் பாதக் கோட்பாடு' என்று பெயர் சூட்டினார்கள். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம். பட்டினத்தின் அரசு வக்கீல் வேதமாணிக்கம் இதைப் பற்றி நானூறு பக்கம் ஆராய்ச்சி எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவர். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால், அதில் நடந்து வீட்டுக்குப் போகிறவன் குடியா இல்லையா என்பதற்கே அதில் அறுபது பக்கம். குடிதானாம். அது வானத்து நீராம், கணக்கில் சேராதாம்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இந்த ஒரு வரியைக் காட்டித்தான் இதுவரை பதினான்கு மிதவைகளின் கயிற்றை அவிழ்த்திருக்கிறார்கள். புதுப் படகுத்துறைக்கு இடம் வேண்டும் என்று, மீதியிருக்கும் முப்பத்தொன்றையும் ஐப்பசி பிறப்பதற்குள் அவிழ்க்கச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டது. மிதவைக்கு இன்ஜின் கிடையாது. இழுவைப்படகில் கட்டி இழுத்துப்போய்க் கரையில் விடுவார்கள். கரையில் இவர்கள் ஊர் இருந்த இடத்தில் இப்போது கடல்தான் இருக்கிறது.

அந்த முப்பத்தொன்றில் ஒன்று ஜெனோவாவின் மிதவை. அதில் அவளும் அவள் அம்மாவும் ஒன்பது வயது மகளும் இருக்கிறார்கள். ஜெனோவாவுக்குக் கடலில் முங்கி வேலை. தூண்களில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பாள். மூலவர் சூடாகாமல் இருக்கக் கடல்நீரை உறிஞ்சும் குழாய்கள் உண்டு, அவற்றின் அடைப்பையும் அவள்தான் எடுப்பாள். மாதத்துக்கு ஒரு முறை என் அறைக்கு வந்து வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்கிப் போவாள். பதினோரு வருஷப் பழக்கம்.

அன்று வெள்ளிக்கிழமை. தலைமுடியில் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க சாமிக்கு அடைப்பெல்லாம் எடுத்தாச்சு. இனி நல்லா மூச்சு விடுவாரு. கையெழுத்தைப் போடுங்க."

"புதன்கிழமை உங்க வழக்கு கடைசி விசாரணையாமே?" என்றேன்.

"ஆமா. மூலவரு என்னைக்கும் சொன்னதை மாத்துனதில்லையாம், எங்க வக்கீலம்மா சொல்லுதாவ. சாமானைக் கட்டி வையின்னு சொல்லாம சொல்லுதாவ." சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "எங்க அம்மையால ஏணி ஏற முடியாது அண்ணாச்சி. அவியளக் கொண்டுபோயி கரையில போட்டா ஒரு மாசம் தாங்க மாட்டாவ. எனக்குப் பயமா இருக்கு."

என்ன சொல்வதென்று தெரியாத உத்தியோகஸ்தன் என்ன சொல்வானோ அதைச் சொன்னேன். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா."

"இருக்கட்டும். ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீய. அந்தக் கஸ்பாரு எங்கன நின்னுக்கிட்டு இதைச் சொன்னாரு?"

"அரசமைப்பு மன்றத்திலதான். கோர்ட்டு வாசல்ல பெரிய படம் மாட்டியிருக்கே, பாத்ததில்லையா?"

அந்தப் படத்தைப் பார்க்காமல் இந்தக் கட்டடத்துக்குள் யாரும் வர முடியாது. பளிங்குத் தூண்கள், பட்டு விரித்த மேடை, முப்பத்தேழு பேரும் ஒரே பக்கமாக எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓவியர் அவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை.

"பாத்திருக்கேன், பாத்திருக்கேன். அவிய சட்டம் எழுதுனது எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து நாப்பத்தொம்பது."

"அப்போ அந்த மன்றம் எங்கன இருந்துச்சு? இந்த ஊருக்கு முதத் தூணு நட்டதே அம்பத்தி மூணுலல்லா?"

"யாரு சொன்னா?"

"தூணுதான் சொல்லுது. அடியில இரும்பு வளையத்துல வருஷம் அடிச்சிருக்காவ. அதுமேல ஒட்டுன சிப்பியை மாசாமாசம் நாந்தானே சுரண்டுதேன். ஒண்ணாம் நம்பர் தூணு, ரெண்டாயிரத்து அம்பத்தி மூணு. அதுக்கு முந்தி நட்டது ஒண்ணுகூட இல்ல. தூணு இல்லாம மண்டபம் எப்புடி நிக்கும்? அந்தரத்துலயா?"

கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனை சட்ட மேதைகள், எத்தனை கருத்தரங்குகள். ஒருத்தரும் கடலுக்கடியில் போய்த் தூணைப் பார்த்ததில்லை. நானும்தான்.

மூதாதையர் அவையின் நடவடிக்கைக் குறிப்பு கையால் எழுதியது. அதன் ஒவ்வொரு பக்கத்தின் படமும் என்னிடம் இருக்கிறது. மூலவருக்குப் படிக்கக் கொடுத்த நாளோடு மூடி வைத்ததை அன்று திறந்தேன். பத்தொன்பதாம் நாள், ஆறாவது பிரிவு. அங்கே இப்படி இருந்தது:

(அலை. உறுப்பினர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டனர்.)

திரு. கஸ்பார்: (வேட்டியைப் பிழிந்தவாறு) பாதம் நனையாமல் வீடு திரும்புகிறவரே இந்நகரின் குடி.

(பலத்த சிரிப்பு. தலைவர் வடிவம்மாளும் சிரித்தார்.)

(தேநீர் வந்தது.)

இந்த அடைப்புக்குறிகள் மூலவருக்குத் தெரியாது. தெரியாமல் பண்ணியது யார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. குறிப்புகளைச் சுத்தம் செய்து இயந்திரத்துக்குக் கொடுக்க மூன்று வாரம் கெடு. சோதனை ஓட்டத்தில் மூலவர் குடியுரிமை பற்றிக் கம்பீரமாகப் பேசிக்கொண்டே வந்து, நடுவில் "இருமல்" என்பார். நீதித்துறையின் சுதந்திரத்தைப் பற்றி விளக்கும்போது "மின்விசிறி நின்றது" என்பார். பார்வையிட வந்த பெரிய அதிகாரி முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது, மூதாதையர் இருமலாமா?" என்றார். நான் ஒரே ஒரு கட்டளை எழுதினேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் போ. நாற்பத்தோராயிரம் இடங்கள். நாலு நொடி ஆயிற்று. அதற்குப் பிறகு மூலவர் இருமவில்லை, சிரிக்கவில்லை, எதையும் விளையாட்டாகச் சொல்லவில்லை. "இப்பத்தான் சுத்தமா இருக்கு" என்று அதிகாரி தோளில் தட்டினார். அன்று சாயங்காலம் அந்தச் சந்தோஷத்தில் புரோட்டா வாங்கித் தின்றதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பக்கத்தை மூடிவிடலாம். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இருபது வருஷத்துத் தீர்ப்புகளைத் தலைகீழாக்கிய ஆள் என்ற பெயர் எனக்கெதற்கு? சனிக்கிழமை முழுக்க இதையே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும். அந்த அம்மாவால் ஏணி ஏற முடியாது என்பது மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை, வழக்கை விசாரிக்கும் நீதிபதி சுலைகாவின் அறைக் கதவைத் தட்டினேன்.

சுலைகா அம்மாளின் குடும்பம் காயல்பட்டினத்திலிருந்து வந்தது. அறுபதைத் தொடும் வயது, கறாரான பேச்சு. பக்கத்தின் படத்தை வாங்கி மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாம் முறையும் படித்தார்.

"ஏன்யா பூசாரி, அப்படின்னா இத்தனை வருஷமா நாங்க ஒரு கிண்டலுக்கா எந்திரிச்சு நின்னோம்?"

"ஆமாம்மா."

"இதை வெச்சு நான் மூணு தீர்ப்பு எழுதியிருக்கேன்."

"தெரியும்மா."

"மூணாவதுல, 'கஸ்பாரின் ஆழ்ந்த தத்துவ நோக்கு'ன்னு ஒரு பாரா வரும்."

"அதைத்தாம்மா பாடப்புத்தகத்துல போட்டிருக்காங்க."

என்னை முறைத்தார். எனக்கு வாய் ஜாஸ்தி, ஒப்புக்கொள்கிறேன்.

"கடிதங்கள்ல, நாட்குறிப்புல எல்லாம் மிதவை பத்தி ஒண்ணுமேவா இல்ல?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. மூலவரு கேட்டதுக்குத்தான் பதில் சொல்லுவாரு. 'நீங்க அப்ப எங்க உக்காந்திருந்தீங்க'ன்னு நாம ஒரு நாளும் கேக்கல்ல."

அம்மாள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். 'இதை இத்தோடு விட்டுவிடும்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டேன். அசிங்கமான ஆசைதான்.

"எடுத்ததையெல்லாம் திரும்பப் போட எத்தனை நாளாகும்?" என்றார்.

"ஒன்றரை நாள்."

"புதன்கிழமை காலையில தயாரா இருக்கணும். திறந்த கோர்ட்டுல கேப்போம். அதுக்கு முன்னாடி, இதை எடுத்தது யாருன்னு நீரே எந்திரிச்சுச் சொல்லணும்."

புதன்கிழமை கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. மிதவைக்காரர்கள் பின்னால் சுவரோடு சுவராக நின்றார்கள். ஜெனோவா மகளைக் கையில் பிடித்திருந்தாள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். நாலு நொடி என்று சொன்ன இடத்தில் ஜெனோவாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன்.

வேதமாணிக்கம் உடனே எழுந்தார். மனிதர் லேசுப்பட்டவரில்லை. "அம்மா, இருமலும் சிரிப்பும் அரசமைப்பின் பகுதிகள் அல்ல. சுத்தம் செய்ததே சரி. மேலும், அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? ஆழ்ந்த உண்மையைக் கேட்டால் மகிழ்ச்சியிலும் சிரிப்பு வரும்."

"அவங்களையே கேப்போமே," என்றார் அம்மாள். பிறகு வழக்கமான முறையில் மூலவர் பக்கம் திரும்பி, "பாதம் நனையாமல் வீடு திரும்புகிறவரே இந்நகரின் குடி என்பது அவையின் கருத்தா?" என்று கேட்டார்.

மூலவர் வாயைத் திறப்பதற்காகக் கோர்ட்டே எழுந்து நின்றது. வந்தது பதில் இல்லை. சிரிப்பு. முப்பத்தேழு பேரின் சிரிப்பு. யாரோ ஒருவர் புரையேறி இருமினார். சிரிப்புக்கும் எழுந்து நிற்க வேண்டுமா என்று விதிகளில் இல்லாததால், பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடப்பாவியளா!" இது கஸ்பார். எங்களுக்குத் தெரிந்த கணீர்க் குரல்தான், ஆனால் பேச்சே வேறு. "அதையா சட்டமாக்கிட்டீய?"

"உறுப்பினர் கஸ்பார், அது உங்கள் கருத்து இல்லையா?"

"கருத்தா? அன்னைக்குப் படகுல இருந்து மிதவைக்குத் தாண்டும்போது வழுக்கி இடுப்பு வரைக்கும் முங்கி, நனைஞ்ச கோழி கணக்கா வந்து உக்காந்திருக்கேன் தாயி. யாரு இந்த ஊருக் குடின்னு ரெண்டு மணி நேரமா அடிச்சிக்கிடுதாவ. ஊரு எங்க இருக்கு? ஒரு தூணு இல்ல. முப்பத்தேழு பேரும் ஒண்ணோட ஒண்ணு கயிறு கட்டுன மிதவையில கிடக்கோம், கூட்டம் நடந்ததும் மிதவையிலதான். கால் நனையாம வீட்டுக்குப் போறவன்தான் குடின்னா, எங்கள்ல ஒருத்தனும் குடியில்லன்னு சொன்னேன். அதுக்குத்தான் எல்லாரும் சிரிச்சாவ."

வேதமாணிக்கம் மெதுவாக உட்கார்ந்தார். "நானூறு பக்கம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாவமாக இருந்தது. அந்த மனிதர் அதை எழுதிய மூன்று வருஷத்தில் மனைவியோடு ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை என்று கேள்வி.

அம்மாள் விடவில்லை. "அப்படியானால், மிதவையில் வாழ்வோர் குடிகள் என்பதுதான் அவையின் முடிவா?"

மூலவர் இதுவரை எந்தக் கேள்விக்கும் திணறியதில்லை. இப்போது ஒரே இரைச்சல். நாமே கயிற்றில் தொங்குகிறோம், இதில் இன்னொருத்தனை எப்படி வேண்டாமென்பது என்று ஒருவர். நாளைக்கு உலகமே வந்து கட்டிக்கொண்டால் தண்ணீருக்கு எங்கே போவது என்று இன்னொருவர். உட்காருங்கள், உட்காருங்கள் என்று தலைவர் வடிவம்மாள் மேசையைத் தட்டினார். என் நாற்காலி கடலோடு போய்விட்டது, எதில் உட்கார என்று ஒருவர் கேட்டார். கடைசியில் வடிவம்மாளின் குரல் மட்டும் தனியாக வந்தது.

"அதுக்குள்ள தேத்தண்ணி வந்துருச்சு தாயி. குடிச்சிட்டு மழைநீர்த் தொட்டிப் பிரச்சினைக்குப் போயிட்டோம்."

"பிறகு இந்தக் கேள்விக்குத் திரும்பவே இல்லையா?"

"இல்ல. சண்டை தீரும்னு தோணல்ல. 'வாழ்வோர்'னு ஒரு வார்த்தையைப் போட்டு வெச்சோம். பொறவு வாழுறவிய பாத்துக்கிடட்டும்னு விட்டோம்."

அம்மாள் எனக்குக் கையைக் காட்டினார். மூலவரின் ஒலியை நிறுத்தினேன்.

பிறகு அம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "இருபது வருஷமா இவங்க சொன்னதை எழுதி, அடியில 'ஆகவே' போட்டுத்தான் பழக்கம். சொந்தமா எழுதி ரொம்ப நாளாச்சு. செத்த பொறுங்க." ஒரு தாளை எடுத்தார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். இருபது நிமிஷம் ஆயிற்று. கூட்டத்தில் ஒருத்தர்கூட வெளியே போகவில்லை.

பிறகு படித்தார். "இந்த ஊரின் தூண்களைப் பதினோரு வருஷமாகக் காப்பாற்றி வருகிற ஒரு பெண், அதே தூணில் கட்டிய மிதவையில் சோறாக்கி, பிள்ளை வளர்த்து, தாயைப் பார்த்துக்கொள்கிறாள். இவள் அலைவாயில் வாழவில்லை என்றால், வேறு எங்கே வாழ்கிறாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மிதவைகளில் வாழ்வோர் இந்நகரின் குடிகள். எந்தக் கயிற்றையும் அவிழ்க்கக் கூடாது."

பின்வரிசையில் யாரோ ஓவென்று அழுதார்கள். வேதமாணிக்கம் தட்டுத்தடுமாறி எழுந்தார். "அம்மா, தீர்ப்பில் யாருடைய நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் பதிவு செய்ய முடியாது. கஸ்பார் என்று போடுவதா, வடிவம்மாள் என்று போடுவதா?"

"சுலைகான்னு போடுங்க," என்றார் அம்மாள். "தப்புன்னா முழு அமர்வுக்கு மேல்முறையீடு பண்ணுங்க. செத்துப்போனவங்க மேல பழியைப் போட எனக்கு இனி முடியாது."

மறுநாள் ஜெனோவா என் அறைக்கு வந்தாள். அடைப்பு எடுக்கிற நாள் இல்லை. நன்றி சொல்ல வருவாள் என்று எனக்கு ஒரு எதிர்பார்ப்பு. உண்மையைச் சொன்னால், 'அதெல்லாம் எதுக்கும்மா, என் கடமைதானே' என்று சொல்லக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நேத்து நீங்க எந்திரிச்சுச் சொன்னது பெரிய விஷயம் அண்ணாச்சி. எங்க அம்மை மாதா முன்னாடி உங்க பேரைச் சொல்லி மெழுகுதிரி ஏத்துனாவ."

"அதெல்லாம் எதுக்கும்மா," என்று ஆரம்பித்தேன்.

"ஆனா எனக்கு உங்க மேல கோவம் போகல்ல."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நாலு நொடின்னு சொன்னீயல்லா. ராத்திரி பூரா அதுதான் காதுல நிக்குது. பதினாலு மிதவை போச்சு அண்ணாச்சி. ஆறு வருஷத்துக்கு முந்தி எங்க பெரியப்பா மிதவையையும் இழுத்துட்டுப் போனாவ. இப்ப எந்தக் கரையில கிடக்காவன்னுகூடத் தெரியல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவியளத் தேடிப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டு வரணும். அவிய கயித்தை அவுத்தது தப்புன்னு கோர்ட்டு சொல்லணும்."

"சொல்லும். அதுக்கு யாராவது மனு போடணும்," என்றேன். "போன வழக்குகூட உங்க வக்கீலம்மா பேர்லதான். குடியா இருக்கிறவங்கதான் சொந்தப் பேர்ல போட முடியும்."

"நேத்து மத்தியானத்துல இருந்து நான் யாரு?"

சரிதான் என்று மேசை இழுப்பறையிலிருந்து மனுத் தாளை எடுத்து நீட்டினேன். அலைவாயில் மனுவை இன்னும் கையால்தான் எழுத வேண்டும். மூதாதையர் அப்படித்தான் எழுதினார்களாம். அவள் தாளை வாங்கவில்லை.

"நீங்களே எழுதுங்க. எங்க வக்கீலம்மா திங்கக்கிழமைதான் வருவாவ. இருபத்திரண்டு வருஷமா மனுவைப் பாக்கீய, உங்களுக்குத் தெரியாததா?"

எழுதினேன். மனுதாரர், ஜெனோவா. முகவரி, மிதவை எண் எட்டு, ஒன்றாம் தூண், அலைவாய்ப்பட்டினம். முகவரியை எழுதி முடித்ததும் தாளைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். விரலை வைத்து எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் பெயருக்குக் கீழே இந்த ஊரின் பெயரை யாரும் எழுதியதில்லை.

எதிர்மனுதாரர் என்ற இடத்தில் 'பட்டின நிர்வாகம்' என்று எழுதினேன்.

"சரி. ரெண்டாவது ஆளு?" என்றாள்.

"ரெண்டாவதா யாரு?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் இப்போது கோபம்கூட இல்லை, மனு முடியட்டும் என்று காத்திருக்கிற பார்வைதான். எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, புரிந்த பிறகு பேனாவைத் தாளில் வைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு 2 என்று போட்டு, பக்கத்தில் 'சொர்ணவேல், இயந்திரப் பொறுப்பாளர்' என்று நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"இனிஷியல் விட்டுப்போச்சு அண்ணாச்சி. பொறவு இது வேற சொர்ணவேல்னு வேதமாணிக்கம் சார் வாதாடிருவாரு."

'கு.' என்று முன்னால் சேர்த்தேன்.